சமாதானமும் சம்மட்டியும்

கிறிஸ்தவப் பிரசாரகர்கள் சந்தைத் திடல்களிலும், திருவிழாக் கூட்டங்களின் ஓரத்திலும் நின்றுகொண்டு விக்கிரக ஆராதனையைக் கண்டித்துப் பேசுவதைக் கேளாதவர்கள் நமது வாசகர்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஒரே மரத்தை வெட்டி, அதில் ஒரு பாதியை அடுப்பில் வைத்து ரொட்டி சுட்டுத் தின்று, குளிரும் காய்ந்துவிட்டு, மீதிப் பாதியைச் செதுக்கி நிறுத்தி அதன் காலில் விழுந்து வரம் கேட்கின்றானே, இவனைக் காட்டிலும் மூடன் உண்டா என்று ஏசாயா 44-ம் அதிகாரத்தை எடுத்துவிட்டால், கூட்டத்தில் நிற்கும் நமது தோழர்களே கை தட்டி விடுவார்கள். நாமும் அதை ரசித்ததுண்டு. அந்த அதிகாரத்தை எழுதியவன் யாராயிருந்தாலும் நல்ல கேலிக்காரன் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதே பிரசாரகர் அடுத்த ஐந்து நிமிஷத்தில், எங்கள் கர்த்தர் சமாதானப் பிரபு, எங்கள் வேதம் சமாதான வேதம் என்று ஆரம்பிக்கின்றார். இந்த இடத்தில்தான் நமக்குச் சங்கடம் வருகின்றது. ஏனெனில், அவர் கையிலிருக்கும் அதே புஸ்தகத்தில் அந்நியருடைய பலிபீடங்களை இடி, தூண்களை நொறுக்கு, தோப்புகளை வெட்டு, சிலைகளை நெருப்பில் போடு என்ற கட்டளை ஓரிடத்தில் அல்ல, யாத்திராகமம் 34, எண்ணாகமம் 33, உபாகமம் 7, மறுபடியும் உபாகமம் 12 என்று பல இடங்களில் இருக்கின்றது. சிலையோடு நின்றாலும் போகட்டும். சிலையைக் கும்பிடுகிற மனிதனையும் விடாதே என்று இருக்கின்றது. உபாகமம் 13-ல், உன் கூடப்பிறந்தவனோ, உன் மகனோ, மகளோ, மனைவியோ, உயிர்ச் சிநேகிதனோ வேறு தெய்வத்தைக் கும்பிடலாம் வா என்று இரகசியமாய்க் கூப்பிட்டால், இரக்கப்படாதே, கல்லால் எறிந்து கொல், முதல் கல் உன் கையிலிருந்தே போகட்டும் என்று எழுதியிருக்கின்றது. ஊரே அப்படிப் போயிருந்தால் ஊராரைக் கொன்று ஊரைக் கொளுத்து என்று அதே அதிகாரம் முடிகின்றது.

தமிழில் சமாதானம் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சண்டையில்லாமல் இருப்பது ஒன்று. கேட்ட கேள்விக்கு எதையாவது சொல்லிச் சமாளிப்பது மற்றொன்று. பைபிளில் முதலாவது சமாதானம் எவ்வளவு இருக்கின்றதோ தெரியாது. பாதிரிமாரிடம் இரண்டாவது சமாதானத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சமாதானங்களைப் பார்க்கு முன் ஒரு கதையைச் சொல்லி விடுகின்றோம். வசனத்தை வசனத்தோடு மோத விடுவதற்கு இதைக் காட்டிலும் வசதியான இடம் வேறு கிடையாது.

நியாயாதிபதிகள் 6-ம் அதிகாரம். ஒப்ரா என்ற ஊரில் கிதியோன் என்று ஒரு வாலிபன். அவனுக்குத் தேவதூதன் காட்சி தருகின்றான். இவன் பயந்து போகின்றான். பயப்படாதே, உனக்குச் சமாதானம் என்று யெகோவா சொல்ல, அவனும் சந்தோஷப்பட்டு அங்கேயே ஒரு பலிபீடம் கட்டி அதற்கு யெகோவா ஷாலோம் என்று பெயரிடுகின்றான். கர்த்தரே சமாதானம் என்பது அதன் பொருள். இது 24-ம் வசனம். 25-ம் வசனத்தில், அன்று இராத்திரியே, அதே கர்த்தர் அதே கிதியோனிடம், உன் தகப்பனுடைய பாகால் பலிபீடத்தை இடித்துப் போடு, பக்கத்தில் நிற்கும் தோப்பை வெட்டு, வெட்டிய விறகால் உன் தகப்பனுடைய காளையைப் பலியிடு என்கின்றார். சமாதானம் என்று பெயரெழுதிய கல்லில் சாந்து காய்வதற்கு முன் சம்மட்டியை எடு என்று உத்தரவு!

கிதியோன் பகலில் போகவில்லை. தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பத்து வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு இராத்திரியில் போய் இடித்தான் என்று வேதமே சொல்லுகின்றது. விடிந்ததும் ஊர் திரண்டு, இடித்தவனை வெளியே கொண்டுவா, கொல்ல வேண்டும் என்று கூச்சலிட்டது. அப்போது கிதியோனுடைய தகப்பன் யோவாஸ் ஒரு வார்த்தை சொன்னான். பாகாலுக்காக நீங்களா வழக்காட வேண்டும்? அவன் தெய்வமானால் தன் பீடத்தை இடித்தவனோடு அவனே வழக்காடிக்கொள்ளட்டும் என்றான். தோழர்களே, பைபிள் முழுவதிலும் ஒரு சுயமரியாதைக்காரன் பேச்சைக் காட்டு என்று நம்மைக் கேட்டால் இந்தக் கிழவனுடைய பேச்சைத்தான் காட்டுவோம். ஆனால் இதே கேள்வியை யெகோவாவுக்கும் போடலாமே என்பது அந்த ஊரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பாகாலை யெகோவாவுக்குப் பிடிக்கவில்லை யென்றால் யெகோவாவே வந்து இடித்திருக்கலாம். இராத்திரியில் ஒரு வாலிபனையும் பத்து வேலைக்காரரையும் அனுப்புவானேன்?

கதை இத்தோடு முடியவில்லை. இதே கிதியோன் பிற்பாடு யுத்தத்தில் ஜெயித்து, கொள்ளையில் வந்த பொன் கடுக்கன்களை யெல்லாம் வாங்கி உருக்கி ஒரு ஏபோத்தைச் செய்து தன் ஊரில் வைத்தான் என்றும், இஸ்ரவேலர் எல்லோரும் அதன் பின்னால் சோரம் போனார்கள் என்றும் 8-ம் அதிகாரத்தில் காண்கின்றோம். இடித்த கையே அடுத்த விக்கிரகத்தைச் செய்தது.

நிற்க, பாதிரிமாரின் சமாதானத்துக்கு வருவோம். அவர்கள் சொல்லுவது என்னவெனில், இதெல்லாம் பழைய ஏற்பாடு, அந்தக் காலத்து முரட்டு ஜனங்களுக்குச் சொன்னது, இயேசு வந்து எல்லாவற்றையும் அன்பாக மாற்றிவிட்டார் என்பதாகும். இது சரியானால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று இயேசுவே மத்தேயு 5-ல் சொல்லுகின்றார். அதே 5-ல் ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டு, சமாதானம் செய்கிறவர்கள் பாக்கியவான்கள் என்கின்றார். 10-ல் சமாதானத்தையல்ல, பட்டயத்தையே கொண்டு வந்தேன், தகப்பனையும் மகனையும் பிரிக்க வந்தேன் என்கின்றார். 26-ல் பட்டயம் எடுத்தவன் பட்டயத்தால் சாவான் என்கின்றார். லூக்கா 22-ல் வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கு என்கின்றார். பட்டயம் என்பது ஞான அர்த்தத்தில் சொன்னது, குடும்பத்தில் வரும் பிரிவினையைக் குறிப்பது என்று வியாக்கியானம் செய்வார்கள். இருக்கலாம். நாம் அதைப் பெரிய வழக்காக்க வரவில்லை. ஆனால் ஞான அர்த்தம் சௌகரியமான வசனத்துக்கு வேண்டாததும், சங்கடமான வசனத்துக்கு மாத்திரம் வேண்டியதுமாய் இருப்பதன் இரகசியம் என்ன?

அன்றியும், பழையது முரடு, புதியது சமாதானம் என்ற பிரிவினையே தப்பு. பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே சமாதானம் இருக்கின்றது. எரேமியா 29-ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து யூதர்கள் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டிருந்த சமயம் அது. பாபிலோனோ விக்கிரகம் நிறைந்த ஊர். அங்கே போனவர்களுக்கு எரேமியா எழுதுகின்றார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளை குட்டிகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகக் கர்த்தரைப் பிரார்த்தனை செய்யுங்கள், ஏனென்றால் அதன் சமாதானமே உங்கள் சமாதானம் என்று! பாபிலோன்காரனுடைய பலிபீடத்தை இடி என்று ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது உபாகமம் 7-ஐ மறுபடி திறந்து, இடி என்கின்ற 5-ம் வசனத்தை விட்டு முதல் இரண்டு வசனங்களைப் படியுங்கள். உன்னை அந்த தேசத்துக்குள் கொண்டுபோய், அந்த ஜாதிகளை உன் கையில் ஒப்புக் கொடுத்து, நீ அவர்களை முறியடிக்கும்போது என்று ஆரம்பிக்கின்றது. அதாவது, ஜெயித்தவனுக்கு இடிக்கச் சொல்லும் சட்டம். தோற்றவனுக்குச் சமாதானம் சொல்லும் கடிதம். கர்த்தர் மாறவில்லை, ஆளின் நிலைமைதான் மாறியிருக்கின்றது. இந்த ஒரு திறவுகோலைப் பிடித்துக்கொண்டால் பிற்பாடு வரும் பூட்டுகளெல்லாம் திறந்துகொள்ளும்.

பவுல் ஏதென்ஸ் பட்டணத்துக்குப் போனபோது ஊரெல்லாம் விக்கிரகமாயிருப்பதைக் கண்டு மனம் கொதித்தாராம். கொதித்தும் ஒரு சிலையின் மூக்கைக்கூடத் தொடவில்லை. அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்தையே எடுத்துக்காட்டி, அவர்களுடைய கவிகளையே மேற்கோள் சொல்லி, மரியாதையாகப் பேசிவிட்டு வந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17-ல் இருக்கின்றது. எபேசுவில் ஆர்த்தெமிஸ் தேவியின் வெள்ளிக் கோவில் பொம்மை செய்து விற்ற தட்டார்கள் வயிற்றுப் பிழைப்பு போகின்றதே என்று கலகம் செய்தபோது, இவர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களுமல்ல, நமது தேவியைத் தூஷித்தவர்களுமல்ல என்று பட்டணத்து அதிகாரியே சாட்சி சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தான். 4-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஸ்பெயின் தேசத்து எல்விரா என்னுமிடத்தில் கூடிய பிஷப்மார், எவனாவது விக்கிரகத்தை உடைக்கப் போய் அங்கே கொல்லப்பட்டால் அவனை இரத்தசாட்சிகள் கணக்கில் சேர்க்கக்கூடாது, அப்படிச் செய்யும்படி சுவிசேஷத்தில் எழுதியிருக்கவும் இல்லை, அப்போஸ்தலர்கள் செய்ததும் இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது ராஜாங்கம் அவர்களுடையதல்ல.

313-ல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி காலத்தில் எல்லா மதத்தாருக்கும் அவரவர் வழிபாட்டுச் சுதந்திரம் என்று ஏற்பட்டது. கிறிஸ்தவர்கள் மகிழ்ந்தார்கள். நியாயந்தான், அதுவரை அடிபட்டவர்கள் அவர்கள். எண்பது வருஷம் ஆகவில்லை. 391-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் செராபிஸ் தெய்வத்தின் பெருங்கோவில் தெயோபிலஸ் பிஷப்பின் நாளில் தகர்க்கப்பட்டது. 392-ல் தியடோசியஸ் சக்கரவர்த்தி, வீட்டுக்குள் தூபம் போடுவதைக்கூடக் குற்றமாக்கினார். 399-ல் அவருடைய பிள்ளைகளின் பெயரால் ஒரு சட்டம் பிறந்தது. அதை எழுதிய குமாஸ்தாவை நாம் மெச்சுகின்றோம். கிராமங்களில் கோவில்கள் இருந்தால் அவற்றைக் கூச்சலும் கலகமும் இல்லாமல் இடிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். இடிக்கிறவனுக்குச் சம்மட்டி, இடிபடுகிறவனுக்குச் சமாதானம். முரண்பாடு தீர்ந்து போயிற்று!

இது நாமாகக் கட்டின வியாக்கியானம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்திலேயே ஹிப்போ பட்டணத்துப் பிஷப்பான அகஸ்டின், ரோமச் சபை முதல் லூத்தர் சபை வரை எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்த அகஸ்டின், ஒரு பிரசங்கத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கின்றார். பிறத்தியார் நிலத்திலிருக்கும் விக்கிரகத்தை நாம் போய் உடைக்கலாமா? வேண்டாம், முதலில் அவர்கள் இருதயத்தில் உடைப்போம். அதிகாரம் நம் கையில் கொடுக்கப்படாத இடத்தில் செய்ய மாட்டோம், கொடுக்கப்பட்ட இடத்தில் விட மாட்டோம் என்பது அவர் சொன்னதன் கருத்து. அதற்கு ஆதாரமாக அவர் காட்டினதும் நாம் மேலே காட்டிய உபாகமக் கட்டளையைத்தான். இவ்வளவு பெரிய ஆசாமி இவ்வளவு தெளிவாய்ச் சொல்லிவிட்ட பிறகும், பழையது புதியது என்று நமது ஊர்ப் பாதிரிமார் ஏன் சிரமப்படுகின்றார்களோ தெரியவில்லை.

இனி, இடிப்பதனால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு வருவோம். எந்த மதத்தின் சங்கதியானாலும் இந்தக் கேள்வியைப் போடாமல் விடக்கூடாது.

உபாகமம் 12-ல் மலைமேலும், குன்றின்மேலும், பச்சை மரத்தின் கீழும் உள்ள எல்லாப் பீடங்களையும் இடி என்று சொன்ன கையோடு, இனிமேல் உன் பலி, உன் தசமபாகம், உன் காணிக்கை, உன் ஆடுமாடுகளின் தலையீற்று எல்லாவற்றையும் கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்துக்குக் கொண்டுவா என்று சொல்லியிருக்கின்றது. கொஞ்சம் தள்ளி, லேவியனைக் கைவிடாதபடி எச்சரிக்கையாயிரு என்றும் இருக்கின்றது. 18-ல் பலியிட்ட மிருகத்தின் முன்னந்தொடையும், தாடைகளும், இரைப்பையும், முதல் தானியமும், திராட்சரசமும், எண்ணெயும், ஆட்டு மயிரும் ஆசாரியனுக்குச் சேர வேண்டும் என்று கறிக்கடைக் கணக்கைப் போல் எழுதியிருக்கின்றது. ஊர்தோறும் மரத்தடியில் நடந்த பூசை நின்றால்தானே ஒரே இடத்துக்கு இரைப்பை வந்து சேரும்?

இந்தச் சட்டப் புஸ்தகம் எப்படிக் கிடைத்தது என்பதையும் வேதமே சொல்லுகின்றது. யோசியா ராஜாவின் 18-ம் வருஷத்தில், அதாவது சுமார் கி.மு. 622-ல், எருசலேம் தேவாலயத்தை ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா, ஆலயத்திலே ஒரு நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்தேன் என்று கொண்டு வந்தான். கண்டெடுத்தவன் யார்? பிரதான ஆசாரியன். எங்கே? அவன் சாவி வைத்திருக்கும் இடத்தில். அந்தப் புஸ்தகம் உபாகமம்தான் அல்லது அதன் ஒரு பகுதிதான் என்று ஜெர்மனியில் டி வெட்டே என்னும் பண்டிதர் 1805-ல் எழுதினார். அது முதல் பைபிள் ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர், கிறிஸ்தவப் பண்டிதர்கள் உட்பட, அவ்விதமே கருதி வருகின்றார்கள். புஸ்தகம் கிடைத்ததும் யோசியா புறப்பட்டு நாடெங்கும் பீடங்களை இடித்தான். சமாரியாவின் மேடைகளில் இருந்த பூசாரிகளை அந்தப் பீடங்களின் மேலேயே வெட்டிப் போட்டான் என்று 2 இராஜாக்கள் 23-ல் காணலாம்.

அவன் இடித்தது அந்நியனுடைய தெய்வத்தை மாத்திரந்தானா? எருசலேம் ஆலயத்துக்குள்ளிருந்தே அஷேராவின் உருவத்தை வெளியே இழுத்துக் கொளுத்தினான் என்றும், அங்கே பெண்கள் அவளுக்குத் துணி நெய்துகொண்டிருந்தார்கள் என்றும் அதே அதிகாரம் சொல்லுகின்றது. சீனாய்ப் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ரூத் என்னுமிடத்தை 1975-76-ல் தோண்டியபோது, கி.மு. 8-ம் நூற்றாண்டை ஒட்டிய ஜாடிகளில், யாவேயின் பெயராலும் அவருடைய அஷேராவின் பெயராலும் ஆசீர்வாதம் சொல்லி எழுதியிருக்கக் கண்டார்கள். யாவே என்பதும் யெகோவா என்பதும் ஒன்றே. ஆகவே, ஊர் ஜனங்கள் யெகோவாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்ட அம்மனைத்தான் பட்டணத்து ஆசாரியர்கள் அந்நிய விக்கிரகம் என்று இடித்திருக்கின்றார்கள். அந்த அம்மனுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அவளும் மரக்கட்டைதான். ஆனால் ஒரு கட்டையை எரித்துவிட்டு, அந்தக் கட்டைக்கு வந்த காணிக்கையைத் தன் வாசலுக்குத் திருப்பிக்கொள்வதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை.

பொன் கன்றுக்குட்டிக் கதை இதற்கு மேலே. ஜனங்களுடைய காதணிகளை வாங்கி, உருக்கி, கருவியால் உருவமாக்கிக் கொடுத்தவன் மோசேயின் அண்ணன் ஆரோன். மோசே வந்து கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வெளியே வந்தது என்று கூசாமல் சொன்னான். அன்றைக்கு லேவியர் வாளெடுத்து வெட்டியதில் விழுந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர். அவர்கள் கும்பிட்டவர்கள். செய்து கொடுத்த ஆரோனோ? அவனுக்குக் கீறல்கூட விழவில்லை. மோசே அவனுக்காக விண்ணப்பம் செய்தாராம். பிற்பாடு லேவியராகமம் 8-ல் எண்ணெய் வார்த்துப் பிரதான ஆசாரியன் பட்டமும் ஆயிற்று. வெட்டின லேவியருக்கு ஆசீர்வாதமும், கொஞ்சநாளில் தசமபாகமும் கிடைத்தன. சூத்திரன் செய்தால் தண்டனை, பார்ப்பான் செய்தால் பிராயச்சித்தம் என்ற மனுதர்மத்தைப் பார்த்துப் பழகின நமக்கு இந்தக் கணக்கு புரியாமற் போகுமா?

யெகூ என்ற ராஜா பாகாலைக் கும்பிட்டவர்களையெல்லாம் பெரிய விருந்து பூசை என்று வஞ்சகமாய்க் கூப்பிட்டுக் கோவிலுக்குள் அடைத்து வெட்டி, கோவிலைக் கக்கூசாக்கினான். ஆனால் பெத்தேலிலும் தாணிலும் இருந்த பொன் கன்றுக்குட்டிகளை மாத்திரம் தொடவில்லை, அவை அவனுடைய ராஜ்யத்துக்கு வேண்டியவை. மோசேயே தேவனுடைய கட்டளைப்படி வெண்கலப் பாம்பு செய்து கம்பத்தில் தூக்கியதும், அதற்கு ஜனங்கள் தூபம் காட்டி வந்ததும், பிற்காலத்தில் எசேக்கியா ராஜா அதை உடைத்ததும் வேறு இருக்கின்றது. விரிக்கில் பெருகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, விக்கிரகத்தை உடைப்பதைப் பற்றி நீங்களா பேசுவது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 27-5-1953-ல், புத்தர் நாளன்று, பெரியார் முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டு, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பட்டப்பகலிலோ இராத்திரியிலோ ஒளிந்தல்ல, பொதுக் கூட்டத்தில் மண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கீழ்க்கோர்ட்டுகள் சட்டத்துக்குச் சொன்ன பொருள் குறுகியது என்று 1958-ல் அந்த நீதிமன்றம் கடிந்துகொண்ட போதிலும், வழக்கை மேலே நடத்தச் சொல்லாமல் தள்ளிவிட்டது. அந்தப் பிள்ளையார் எந்தக் கோவிலிலிருந்தும் பெயர்த்ததல்ல. எவனுடைய காளையையும் எவரும் பலியிடவில்லை. பிள்ளையாரைக் கும்பிடுகிற அண்ணனைக் கல்லால் எறி என்று தம்பிக்கு உத்தரவு பிறக்கவில்லை. உடைந்த மண் இருந்த இடத்தில் வேறொரு சாமியை வைத்து இதற்குத் தசமபாகம் கொடு என்று யாரும் உண்டி நீட்டவும் இல்லை. இடித்தார்கள் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பவர்கள், அறுவை செய்கின்றவன் கையிலும் கத்தி, வழிப்பறிக்காரன் கையிலும் கத்தி என்று சொல்லுகின்றவர்கள் ஆவார்கள். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளுகின்றோம். நம்மில் எவனாவது இராத்திரியில் போய் மாரியம்மன் கோவிலில் கை வைத்தால், அவன் கிதியோனுக்குத் தம்பியே யொழிய நமக்குத் தோழனல்ல.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் சம்மட்டிக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. குவேக்கர் என்ற சபையார் 17-ம் நூற்றாண்டிலிருந்து, யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிச் சிறைக்கும் போயிருக்கின்றார்கள். நமது ஊரிலும், அடுத்த வீட்டுப் பொங்கலுக்கும் தன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் மாற்றிக்கொண்டு உபாகமம் 13-ஐப் படியாமலேயே நல்லவர்களாய் வாழ்கின்றவர்கள்தான் அதிகம். அவர்கள் நல்லவர்களாயிருப்பது அந்த அதிகாரத்தினால் அல்ல, அதை மீறி என்பதே நமது வாதம்.

கடைசியாக, சமாதானமும் இடிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லாமல் ஒரே வசனத்தில் சேர்ந்து வரும் இடம் ஒன்று பைபிளில் இருக்கின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எபேசியர் 2-ம் அதிகாரம் 14-ம் வசனம். கிறிஸ்துவே சமாதானம் என்றும், இரண்டு கூட்டத்தாரை ஒன்றாக்கி அவர்களுக்கு நடுவில் நின்ற பிரிவினைச் சுவரை அவர் தகர்த்தார் என்றும் பவுல் பேரால் எழுதியிருக்கின்றது. நல்ல வசனம். இடிப்பதானால் இதை இடிக்கலாம். ஆனால் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், இந்த வசனத்தை வாசிக்கும் கோவிலையே வேளாளருக்கு ஒரு பக்கம் நாடாருக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் சட்டைபோல் கட்டி, நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் விழ 1910 ஆயிற்று. விழுந்த பிறகும், எங்கள் பக்கம் எங்களுக்கே உரியது என்று உயர்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை ஹைகோர்ட்டு வரை வழக்காடித் தோற்றார்கள்.